பேட்டரி வண்டி ரிவ்யூ: எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து திருவாரூருக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், போக வர சுமார் அறுபது கிலோமீட்டர். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாம் என்று ஒரு மாதமாக ரிவ்யூ வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் சூப்பர் என்கிறார், அதே வண்டியை இன்னொருவர் குப்பை என்கிறார். எல்லாருமே காசு வாங்கிக்கொண்டுதான் பேசுகிறார்களா சார்? யாரை நம்பி வாங்குவது?

பதில்: காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்களைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. என்னைக் கேட்டால், உங்களை அதிகம் குழப்பப்போவது ஒரு பைசா வாங்காமல் மனதில் பட்டதை நேர்மையாகச் சொல்கிறவர்தான், ஏனென்றால் அவர் அந்த வண்டியை ஒரே ஒரு நாள்தான் ஓட்டியிருப்பார்.

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த விளம்பர நெறிமுறைப்படி, பொருளைப் புகழ்கிறவருக்கும் கம்பெனிக்கும் தொடர்பு இருந்தால் அதை மறைக்கக்கூடாது. பணம் மட்டுமில்லை, இலவசமாகக் கொடுத்த பொருள், ஊருக்கு அழைத்துப்போன செலவு, ஓட்டல் அறை எல்லாமே கணக்கில் வரும். அதை வீடியோவுக்குள்ளேயே எழுத்தாகவும் குரலாகவும் சொல்ல வேண்டும் என்று 2023இல் விளக்கமும் கொடுத்துவிட்டார்கள். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், மூலையில் ஒரு வரி வந்து கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும், இல்லையென்றால் வீடியோவுக்குக் கீழே யாரும் விரித்துப் படிக்காத இடத்தில் கிடக்கும். அந்த இடத்தை ஒருமுறை விரித்துப் படியுங்கள். ரெஃபரல் கோடு, தள்ளுபடி கூப்பன் இருந்தால் நீங்கள் வாங்கும்போது அவருக்கும் ஏதோ கிடைக்கிறது. அதற்காகப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம், குறையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார் என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிஷ வீடியோவில் சொன்ன ஒரே குறை "கலர் இன்னும் ரெண்டு குடுத்திருக்கலாம்" என்றால் அது ரிவ்யூ இல்லை.

அப்புறம் அந்த நேர்மையான மனிதர். அவர் கையில் இருப்பது கம்பெனி கொடுத்தனுப்பிய வண்டி, எல்லாம் சரிபார்த்து, டயரில் காற்று அளந்து, முழு சார்ஜோடு வந்தது, ஏதாவது மக்கர் செய்தால் கம்பெனி ஆளே போனில் இருப்பார். வீடியோவை நிறுத்தி மீட்டரைப் பாருங்கள்: மொத்தம் ஓடிய கிலோமீட்டர் இருநூறு முந்நூறு என்று காட்டினால், பிக்கப், பிரேக், சீட்டு, டிக்கி பற்றி அவர் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். ஆனால் சார்ஜர் புகைவது, ஸ்கிரீன் உறைந்து நிற்பது, சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு வண்டி வேறு மாதிரி நடந்துகொள்வது, ஒரு சின்ன ஸ்பேருக்காக மூன்று வாரம் வண்டி சர்வீஸ் ஷெட்டில் கிடப்பது, இதெல்லாம் முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால் சொந்தக் காசில் வாங்கி பத்தாயிரம் கிலோமீட்டராவது ஓட்டியவர்களின் வீடியோவைத் தேடுங்கள். அவர்களிலும் வாங்கியதை விட்டுக்கொடுக்காதவர் உண்டு, கோபத்தில் எல்லாவற்றையும் திட்டுகிறவரும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே குறையைச் சொன்னால் அது அநேகமாக உண்மை.

ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற விஷயத்தில் யாரையும் நம்ப வேண்டாம், நீங்களே கணக்குப் போடலாம். கம்பெனி சொல்லும் ஐடிசி ரேஞ்ச் சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி, நிதானமான வேகத்தில் எடுத்தது. பேட்டரி அளவு கிலோவாட் ஹவரில் இருக்கும், ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு யூனிட்டுக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், விரட்டினாலோ பின்னால் ஆள் உட்கார்ந்தாலோ 25க்கு இறங்கும். உங்கள் அறுபதுக்கு இரண்டு முதல் இரண்டரை யூனிட் வேண்டும். 2.2 யூனிட் பேட்டரி இழுத்துப்பறித்துத்தான் வரும், பேட்டரி பழசாகும்போது அதுவும் வராது, மூன்றுக்குக் கீழே போகாதீர்கள். மேடும் பள்ளமுமான ஊர்களில் எடுத்த ரேஞ்சைவிட நம் சமதளத்தில் கொஞ்சம் கூடவே கிடைக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது நீங்கள் சாயங்காலம் வீடு திரும்புவது எதிர்காற்றில், அந்த மாதத்தில் மீட்டர் கடகடவென்று இறங்கும்.

மழைக்கு ஐபி 67 என்று எல்லா வீடியோவிலும் வரும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கியிருந்தாலும் உள்ளே இறங்காது என்பது அதன் பொருள். அது பேட்டரிக்கு மட்டுமா, மோட்டாருக்கும் சேர்த்தா என்று ஷோரூமில் கேளுங்கள். சோதனை நல்ல தண்ணீரில்தான், உப்புக்காற்றுக்கு அதில் பதில் கிடையாது. நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடும் பழைய வண்டி ஏதாவது கிடைத்தால் சார்ஜர் சொருகும் இடத்தைக் குனிந்து பாருங்கள், அங்குள்ள உலோகப் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் எந்த ரிவ்யூவும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

அடுத்து வாரன்டி. வருஷத்துக்கு 250 நாள் வேலை என்றால் நீங்கள் ஓட்டுவது 15,000 கிலோமீட்டர். "3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலோ அது" என்று போட்டிருந்தால் உங்களுக்கு அது இரண்டே வருஷம்தான். வீடியோவில் மூன்று ஆண்டு என்பதோடு நிறுத்திவிடுவார்கள். கூடுதல் வாரன்டிக்கு எவ்வளவு என்று கேட்டு, அதையும் வண்டி விலையில் சேர்த்துப் பாருங்கள்.

எந்த கம்பெனி என்று இங்கே பேர் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் ஊருக்கு எது சரி என்பதை சர்வீஸ்தான் முடிவு செய்யும். அரசின் வாகன் இணையதளத்தில் ஆர்டிஓ வாரியாக எந்த கம்பெனி வண்டி எத்தனை பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம், இலவசம்தான். திருவாரூர் ஆர்டிஓவான டிஎன் 50இல் நிறைய ஓடுகிற வண்டிக்கு மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் ஷோரூமுக்குப் போகாமல் நேராக அவர்கள் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஓரமாக நிற்கும் வண்டிகளில் சீட்டில் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது, ஜாப் கார்டில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள், காத்திருக்கிறவர்களிடம் "எந்த பார்ட்டுக்கு நிக்கிறீங்க, எத்தனை நாளா?" என்று கேளுங்கள். நம் ஊர் ஆட்கள் கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

அது திருப்தியாக இருந்தால் டெஸ்ட் ரைடு. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது, உங்கள் ரோட்டில், பின்னால் ஆள் வைத்து, கிளம்பும்போதும் திரும்பும்போதும் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் ஓட்டக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள், அதே வண்டி வைத்திருக்கும் யாரையாவது பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாரூர் வரை போய்வந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.