உண்ணிச்செடி மறுபடி மறுபடி முளைக்கிறதா?

நீலகிரி கூடலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் உண்ணிச்செடியை (லண்டானா என்னும் களைப்புதர்) வெட்டியும் மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அரிவாளால் வெட்டினால் அப்படித்தான் ஆகும். தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்துதான் அது தழைக்கிறது. மண்ணுக்குள் ஒன்றிரண்டு அங்குலம் கீழே ஆணிவேரைத் துண்டித்து, வேர் வெயிலைப் பார்க்கும்படி செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம், பறவைகள் உட்காரும் மரங்களின் அடியைப் பாருங்கள். உண்ணியின் கறுப்புப் பழத்தைத் தின்று எச்சமிடுவதால் நாற்றுகள் அங்கேதான் கூட்டமாக முளைக்கும். சில மழைக்காலம் விடாமல் கையால் பிடுங்க வேண்டும்.

வேலைக்கு வரும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி மக்களை வெறும் கூலியாட்களாக வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் முன்பு சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். 1974இல் சரணாலயமாகி அது நின்ற பிறகே உண்ணி பெருகியது என்கிறார்கள். அதற்காக நீங்கள் தீ வைத்துவிடாதீர்கள், சட்டப்படி குற்றம். ஆனால் உங்கள் நிலத்தில் முன்பு என்னென்ன மரங்கள் நின்றன, எந்த மாதம் விதை உதிரும் என்று பணியர், காட்டுநாயக்கர் பெரியவர்களிடம் கேளுங்கள். மாதாமாதம் நாற்றுகளை எண்ணிக் குறிக்கும் பொறுப்பையும் சம்பளத்தோடு அவர்களிடமே கொடுங்கள்.