கேரவன் ஜெனரேட்டரில் வீட்டுக்குக் கரண்ட்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெரு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. மாமியாரின் இன்சுலினைக் கெடாமல் வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது என் கொழுந்தனார் சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய பழைய கேரவன் வண்டி ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். அதன் அடியில் 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. "கரண்ட் போனால் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தார்சாவில் உள்ள பிளக்கில் சொருகிவிட்டால் வீடு முழுக்க எரியும்" என்கிறார். செய்யலாமா?
- வாசகி, ஆழ்வார்திருநகரி

பதில்: ஜெனரேட்டரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தங்கச்சி. ஆனால் கொழுந்தனார் சொல்லும் வழியில் கூடவே கூடாது.

தார்சா பிளக்கில் சொருக வேண்டுமென்றால் ஒயரின் அந்த முனையில் பின் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது அது கழன்று விழுந்தால், கையில் எடுப்பவர் தொடுவது 230 வோல்ட்டை. அதைவிடப் பெரிய ஆபத்து தெருவில் இருக்கிறது. பிளக் வழியாக ஏறும் கரண்ட் மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்குப் போகும். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்கு, வீட்டுப் பக்கமிருந்து கரண்ட் கொடுத்தால் அதைத் திரும்ப ஏற்றிவிடவும் தெரியும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவர் மேலே ஏறியிருப்பார். அந்த வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வடியாத தண்ணீருக்குள் இறங்கி நின்றுதான் நம் லைன்மேன்கள் கம்பங்களை நிமிர்த்தினார்கள். நானும் ஆயுசில் பாதியைக் கம்பத்தில் கழித்தவன். "மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத்தானே போடுவோம்" என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான்: இருட்டில், அவசரத்தில், வீட்டில் யாராவது ஒருவர் அதை மறப்பார். மனிதர் மறந்தாலும் மறக்காத ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டும். அதுதான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., மறு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே கிடையாது. ஃபேஸை மட்டும் மாற்றும் மலிவான சுவிட்ச் வேண்டாம். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் வாங்குங்கள். த்ரீ ஃபேஸ் வீடு என்றால் நாலு போல். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து மாட்டி, ஈ.பி. செக்ஷன் ஆபீஸிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி அந்தப் பக்கவாட்டுச் சாக்கெட். அது பெரும்பாலும் வண்டிக்குள் கரண்ட் வாங்குவதற்கு வைத்தது. தங்கும் இடத்தில் ஈ.பி. கரண்ட் கிடைத்தால் அதில் கொடுத்து ஏசியை ஓட்டுவார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது வண்டிக்குள் இருக்கும் தானியங்கி மாற்றி அதைத் துண்டித்து வைத்திருக்கும். அதைத் தோண்டி மாற்றாதீர்கள். ஜெனரேட்டரின் பிரேக்கரிலிருந்து தனியாக ஒரு நீலநிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் எடுத்து, அங்கிருந்து 4 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் தாமிரக் கேபிளைச் சேஞ்ச்ஓவருக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவது கோர் எர்த். வண்டி நிற்பது ரப்பர் டயரில். ஜெனரேட்டரின் நியூட்ரல் வண்டிச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறதா, அந்தச் சட்டம் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒயர்மேன் பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஷாக் அடித்தாலும், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழாது.

5 கே.வி.ஏ. என்றால் கைக்கு வருவது 4 கிலோவாட் அளவு, சுமார் 17 ஆம்பியர். ஃபிரிட்ஜ், விசிறிகள், லைட், மிக்ஸி, ஒரு ஹெச்.பி. மோட்டார் எல்லாம் தாங்கும். மோட்டாரை மட்டும் முதலில் போடுங்கள். கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும். நாள் முழுக்க ஓட்டவும் தேவையில்லை. மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். ஆகவே பகலில் இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். அந்த நேரத்திலேயே தண்ணீர் ஏற்றி, இன்வெர்ட்டருக்கும் சார்ஜ் கொடுத்துவிடுங்கள். பாதி லோடாவது இருந்தால்தான் டீசல் இன்ஜினுக்கும் நல்லது. இரண்டு பல்பை மட்டும் எரியவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே கரி படியும். இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறவில்லை என்றால், அதன் பின்னால் உள்ள பொத்தானை 'யு.பி.எஸ்.' நிலையிலிருந்து மாற்றிப் பாருங்கள். ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அந்த நிலையில் அது வாங்க மறுக்கும்.

ராத்திரிக்கு இன்வெர்ட்டர் மட்டும் போதும். இதை மாமியாரிடமும் கொழுந்தனாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். சைலன்ஸர் எந்த ஜன்னலுக்கும் நேராக இருக்கக் கூடாது. ஆறு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். வைக்கோல் படப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

இன்னொன்று. பல வண்டிகளில் டேங்கில் கால் பங்கு மிஞ்சும்போது ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். வண்டி வீடு போய்ச் சேர டீசல் மிஞ்ச வேண்டும் என்று குழாயை அந்த உயரத்தில் வைத்திருப்பார்கள். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் தன் மோட்டார்ஹோமை விற்கப் போகிறான். அதிலுள்ள ஜெனரேட்டரைக் கழற்றி அனுப்பட்டுமா என்று கேட்கிறான்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம், தம்பி. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230, 50. வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஏற்றிவிடலாம், ஹெர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸில் நம் தண்ணீர் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். பம்ப் இழுக்கும் லோடோ ஒன்றே முக்கால் மடங்கு வரை போகும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். வேகத்தைக் குறைத்து 50-க்குக் கொண்டுவந்தால் வோல்டேஜ் 100-க்கு விழும். அவன் வண்டியை ஜெனரேட்டரோடு சேர்த்தே விற்கட்டும், விலையும் கூட வரும். அதுவரை அங்கே கரண்ட் போனால், அவனும் அதை வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்தே ஓட்ட வேண்டும். 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டபோது, இந்தப் புகையால் பலர் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள்.