கோல்ஃப் ஆடுபவருக்கு எந்தப் படம்? - வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மாமனார் ஊட்டியில் வாரம் தவறாமல் கோல்ஃப் ஆடுபவர். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு கோல்ஃப் படம் பரிசளிக்க நினைக்கிறோம். இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. எதை வாங்குவது?
- கோவை வாசகி

பதில்: டீ எனப்படும் சின்ன முளையின் மேல் வெள்ளைப் பந்து, பின்னால் சூரிய உதயம். அந்தப் படத்தை மட்டும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் பழைய கோல்ஃப் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸின் ஸ்வில்கன் பாலம் போன்றவை அழகுதான்; ஆனால் அங்கே போய் வந்தவருக்குத்தான் மனதில் ஒட்டும். அவர் ஆடும் மைதானத்தில் அவருக்குப் பிடித்த ஹோல் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையான பகுதி) எது என்று, மட்டைப் பையைச் சுமக்கும் கேடியிடமோ கூட ஆடுபவர்களிடமோ விசாரியுங்கள். கிளப்பில் அனுமதி வாங்கி, அதையே படமெடுக்கச் சொல்லுங்கள்.

எடுக்கும் நேரம் முக்கியம். உச்சிவெயிலில், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனின் மேடுபள்ளம் மறைந்து, விரித்த பச்சைத் துணி மாதிரி தட்டையாகத் தெரியும். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் நிழல் விழுந்து சரிவு புலப்படும். முதல் அடி அடிக்கும் இடத்தில் நிற்பவர் காணும் கோணத்தில் எடுங்கள். ட்ரோன் படத்தில் தன் ஹோலையே அவர் தேட வேண்டிவரும்.

16x24 அங்குலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 200 பிக்சல் கணக்கில் 3200x4800 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அது 8 அங்குலத்துக்கு மேல் தாங்காது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் மினுங்கும் பச்சை தாளில் மங்கி விழுவதும் உண்டு. முதலில் சின்ன அளவில் ஒரு பிரதி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஊட்டி ஓதத்தில் புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் உரிந்துவிடும். நடுவில் 2 மி.மீ. கனமுள்ள, அமிலமற்ற மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போடச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும்.

கடையில் அச்சான படம்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், ஆட்டக்காரரின் கையைப் பாருங்கள். வலக்கையர் இடக்கையில்தான் கையுறை அணிவார். படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தால் அவர் இடக்கையராகிவிடுவார். தொப்பியின் எழுத்து இடவலம் மாறிக் காட்டிக்கொடுக்கும். (அமெரிக்க கோல்ஃப் வீரர் பில் மிக்கல்சன் நிஜமாகவே இடக்கை ஆட்டக்காரர். அவர் படத்தைக் குறைசொல்லாதீர்கள்!) பந்தை மெல்ல உருட்ட வேண்டிய கிரீனில், தொலைதூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்கும் மாடல்களும் உண்டு. அது உங்களுக்குத் தெரியாது. மாமனாருக்குப் பார்த்த நொடியில் தெரியும்.

கேள்வி: கணவர் ஹோல்-இன்-ஒன் அடித்தார், அதாவது முதல் அடியிலேயே பந்து குழியில் விழுந்தது. அந்தப் பந்தையும் ஸ்கோர்கார்டையும் சட்டமிட்டு மாட்ட முடியுமா?
- சென்னை வாசகி

பதில்: முடியும். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மி.மீ. என்பது விதி. ஆகவே பெட்டிச் சட்டத்தின் உள்ளாழம் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பிரேம் கடைக்காரர் 'ஒன்றரை அங்குலம் போதும்' என்பார், கண்ணாடி மூடாது. பந்தைப் பசை போட்டு ஒட்டாமல், சின்ன வளையத்தில் உட்கார வையுங்கள். லோகோவோ அவர் போட்ட அடையாளக் கோடோ முன்னால் தெரியட்டும்.

கார்டை லேமினேட் செய்யாதீர்கள். பென்சில் எழுத்து நிற்கும், பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அப்படி மையில் எழுதியதென்றால் ஸ்கேன் எடுத்து நகலைச் சட்டத்தில் வையுங்கள். அசல் உறைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: அலுவலக அறைக்குப் பழைய கோல்ஃப் ஓவியப் பிரதி ஒன்று வேண்டும். ஏ4 அளவு போதுமா?
- திருச்சி வாசகர்

பதில்: ஓவியத்தைப் பொறுத்தது. 1847-இல் சார்லஸ் லீஸ் தீட்டிய 'தி கோல்ஃபர்ஸ்', செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டத்தைக் காட்டுவது. அசல் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம், உள்ளே ஒரு பெருங்கூட்டம். ஏ4-இல் முகங்கள் புள்ளிகளாகிவிடும். 36 அங்குல அகலமாவது வேண்டும். அறை சிறியதென்றால் ரெம்பிராண்டின் 1654-ஆம் ஆண்டுச் செதுக்கோவியத்தைப் பாருங்கள். கோல்ஃபின் டச்சு உறவான 'கொல்ஃப்' (kolf) ஆட்டம். அசலே சுமார் 10x14 செ.மீ.தான். அதைப் பெரிதாக்கினால் கோடுகள் தடித்து அசிங்கமாகும், அசல் அளவில் அச்சிட்டு அகலமான மவுண்ட் வையுங்கள். எதுவானாலும் படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் வரட்டும்.