முதலாளித்துவத்தில் சிறு விவசாயி ஏன் இன்னும் மறையவில்லை?

பெரும்பண்ணைகள் வந்தால் சிறு விவசாயி காணாமல் போவார் என்பது பழைய கணிப்பு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் நிலவுடைமைகளில் சுமார் 86 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. சிறு விவசாயி நீடிப்பது பெருமுதலுக்கும், அதாவது பெரிய கம்பெனிகளுக்கும், வசதிதான்.

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். கொட்டகை, கரண்ட் பில், ராத்திரிக் கண்விழிப்பு விவசாயியுடையது. சுமார் ஆறு வாரத்தில் லாரி வந்து எடை போட்டு ஏற்றிப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கோழி அவருடையதே அல்ல! கொட்டகைக்கு வாங்கிய கடன் மட்டும் அவருடையது. பேருக்குப் பண்ணைக்காரர், கணக்குப்படி கூலிக்காரர். வீட்டார் உழைப்புக்குச் சம்பளம் போட்டால் இந்தக் கணக்கு கட்டாது. அப்புறம், பல வீடுகளில் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். தோட்டத்தைத் தாங்குவது அந்தச் சம்பளமும்தான்.