350 சிசி கேட்கும் கோவை வாசகிக்கு

வாசகர் கேள்விகளுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள். 2011-இல், கல்யாணத்துக்கு முன்பு, பெங்களூருவில் மார்பக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். 275 சிசி, உருண்டை, மாடரேட் ப்ரொஃபைல் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இம்ப்ளான்ட் விவரம் எழுதிக் கொடுத்த அட்டையைத் தொலைத்துவிட்டேன். ஒரு வருடமாக வலது பக்கம் இறுகிக்கொண்டே வருகிறது, கொஞ்சம் மேலேறியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்கிறார் இங்குள்ள டாக்டர். மார்பக அகலம் 12.5 செ.மீ. என்று அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிதாகவே வைத்துவிடலாமே என்று தோன்றுகிறது. முதலிலிருந்தே எனக்கு முன்பக்கம் எடுப்பாக இல்லை. தட்டையாகப் பரந்து கிடக்கிறது. கையைத் தொங்கவிட்டால் அக்குள் பக்கம் இடிக்கும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகள் 350 வைத்திருக்கிறாள், அவளுக்கு அழகாக இருக்கிறது. நானும் 350 கேட்கலாமா? ஹை ப்ரொஃபைல் வைத்தால் செயற்கையாகத் தெரியுமா?
- பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: தட்டையாகப் பரந்து கிடக்கிறது, அக்குளில் இடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. அளவு போதாதவர்கள் இப்படிச் சொல்வதில்லை. அகலம் கூடிப்போனவர்கள்தான் சொல்வார்கள்.

சிசி என்பது உள்ளே எவ்வளவு ஜெல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அந்த ஜெல் அகலமாகப் பரவி நிற்கிறதா, குறுகலாக முன்னால் எழும்பி நிற்கிறதா என்பதைச் சொல்வது ப்ரொஃபைல். ஒரே கரண்டி மாவை ஊத்தப்பமாகவும் ஊற்றலாம், இட்லியாகவும் ஊற்றலாம். உங்களுக்கு 2011-இல் வைத்தது ஊத்தப்பம். 275 சிசி மாடரேட் என்றால் அடி அகலம் சுமார் 13 செ.மீ. வரும், கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். உங்கள் மார்பகமே 12.5 செ.மீ.தான். அப்படியானால் மிச்சம் எங்கே போகும்? அக்குளுக்குத்தான் போகும்.

இந்த 12.5-ஐயும் அப்படியே இம்ப்ளான்டின் அகலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் சொந்தத் தசையும் கொழுப்பும் இருபுறமும் கொஞ்சம் இடம் பிடிக்குமே. காலிபர் என்ற அளவுக் கவையால் உள்பக்கம் ஒரு கிள்ளு, வெளிப்பக்கம் ஒரு கிள்ளு என்று அளந்து, இரண்டிலும் பாதியைக் கழிப்போம். உள்பக்கக் கிள்ளல் 1 செ.மீ., வெளிப்பக்கம் 2 செ.மீ. என்று வையுங்கள். அரையும் ஒன்றும் போக 11 செ.மீ. மிஞ்சுகிறது. நீங்கள் தேட வேண்டியது ஏறக்குறைய அந்த அகலமுள்ள இம்ப்ளான்டை. உங்கள் டாக்டரின் சீட்டில் இந்தக் கிள்ளல் அளவுகள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாவிட்டால் அளக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

11 செ.மீ. அகலத்தில், மாடரேட்டுக்கும் ஹைக்கும் இடைப்பட்ட மாடரேட் பிளஸ் எடுத்தால் சுமார் 200, 225 சிசி கிடைக்கும். ஹை ப்ரொஃபைல் எடுத்தால் ஏறக்குறைய 275. அதாவது இப்போது இருக்கிற அதே 275-ஐயே ஹை ப்ரொஃபைலில் வைத்தால், ஒரு சிசி கூடக் கூட்டாமல் முன்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பும், அக்குள் இடிப்பும் நிற்கும். நீங்கள் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

350-ஐ அதே 11 செ.மீ.க்குள் அடக்க வேண்டுமானால் அதைவிடவும் உயரமான ப்ரொஃபைலுக்குப் போக வேண்டும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நாற்பதைக் கடந்து, இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, பதினாலு வருடமாக ஒரு இம்ப்ளான்ட் உள்ளிருந்து அழுத்திய தோல் அது, கண்டிப்பாக மெலிந்திருக்கும். அதன்மேல் குறுகலான, கனமான ஒன்றை ஏற்றினால் சில வருடங்களில் கீழ் மடிப்பைத் தாண்டி இறங்கும், ஓரங்களில் சுருக்கம் தெரியும். அப்புறம் மூன்றாவது ஆபரேஷன். சித்தி மகளின் மார்புக்கூடு எத்தனை அகலம், அவள் தோல் எப்படி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுடைய 350 அவளுக்குச் சரி, அதோடு விடுங்கள்.

உண்மையில் எவ்வளவு கூடும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். 275-க்கும் 350-க்கும் வித்தியாசம் 75 மி.லி. பாட்டி காலத்து ஆழாக்கு 168 மி.லி. கொள்ளும், ஆகவே அரை ஆழாக்குக்கும் குறைவு. அவ்வளவு அரிசியை மெல்லிய சாக்ஸில் கட்டி, இறுக்கமான ப்ராவுக்குள், இப்போதிருக்கும் மார்பின்மேல் வைத்துக்கொண்டு ஒரு நாள் வீட்டுவேலை செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். அந்த "இவ்வளவுதானா"வுக்காகத்தான் தோல்மேல் ஒவ்வொரு பக்கமும் 75 கிராம் கூடுதல் பாரம் ஏற்றுகிறோம். முதல்முறை வைத்துக்கொள்பவர்கள் முழு அளவையும் அரிசியில் பார்ப்பது உண்டு. உங்களுக்கு உள்ளே ஏற்கெனவே ஒன்று இருப்பதால், கூட்டுவதை மட்டும்தான் பார்க்க முடியும், குறைப்பதைப் பார்க்க வழியில்லை.

செயற்கையாகத் தெரியுமா என்பது மார்பின் மேல்பாதியில் உங்கள் சதை எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. அங்கே கிள்ளினால் 2 செ.மீ.க்கு மேல் வந்தால் ஹை ப்ரொஃபைலின் மேல்விளிம்பு தெரியாது. அதற்குக் குறைவாக இருந்தால் பந்து வைத்தது போன்ற படி ஒன்று மேலே விழ வாய்ப்புண்டு. அப்போது இம்ப்ளான்டைத் தசைக்கு அடியில் வைப்பதா, கொஞ்சம் குறைந்த ப்ரொஃபைலோடு நிறுத்திக்கொள்வதா என்று பேச வேண்டும். ஏற்கெனவே எதற்கு அடியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கேனில் தெரிந்துவிடும்.

இன்னொன்றைக் கண்ணாடி முன்னால் நீங்களே பாருங்கள். காம்பு, மார்பின் கீழ் மடிப்புக்கு மேலே இருக்கிறதா, அதே மட்டத்திலா, கீழேயா? கீழே என்றால் எந்த சைஸ் வைத்தாலும் அது தூக்காது. தோலைக் குறைத்துத் தைக்கும் லிஃப்ட் வேண்டும். "பெரிதாக வைத்துவிடலாம், லிஃப்ட் தழும்பு இல்லாமல் சமாளித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு மாதம் நன்றாக இருக்கும்.

இனி வலது பக்க இறுக்கம். எந்த இம்ப்ளான்டைச் சுற்றியும் உடம்பு ஒரு மெல்லிய உறையை வளர்க்கும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கி இம்ப்ளான்டை நெரிக்கும். பேக்கர் என்பவர் பெயரில் நான்கு படிகளாக இதைப் பிரிப்போம். தொட்டால் இறுக்கம், பார்த்தாலும் வடிவம் மாறியிருக்கிறது என்றால் மூன்றாவது படி, வலியும் சேர்ந்தால் நான்காவது. உங்களுடையது மூன்று போலத் தெரிகிறது. அந்த உறையை எடுத்துவிட்டுப் புது இடத்தில் வைப்பதுதான் வழக்கம். இங்கேதான் சைஸ் கணக்கு முதல்முறையைவிடச் சிக்கலாகிறது. இம்ப்ளான்ட் உட்கார்ந்திருக்கும் பை வலது பக்கம் சுருங்கியிருக்கிறது, இடது பக்கப் பை 13 செ.மீ.க்கு விரிந்து பழகியிருக்கிறது. 11 செ.மீ. இம்ப்ளான்டை அந்த விரிந்த பையில் போட்டால் அது உள்ளே அலையும், படுத்தால் அக்குளுக்கு ஓடும். அதனால் வெளிப்பக்கச் சுவரைத் தையல் போட்டு நெருக்க வேண்டும், அல்லது வேறு மட்டத்தில் புதுப் பை செய்ய வேண்டும். "இடது பக்கப் பையை என்ன செய்வீர்கள்?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சைஸைவிட முக்கியமான கேள்வி இது. உறையை எடுக்கும்போது கொஞ்சம் தடிமனும் போய்விடும் என்பதால், 25 சிசி கூட்டி 300 வைக்கலாம் என்று அவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அட்டை தொலைந்ததற்காக அதிகம் கவலைப்பட வேண்டாம். பெங்களூரு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள், பதினாலு வருட ரெக்கார்டு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும், பெரும்பாலான இம்ப்ளான்ட்களின் பின்புறத்தில் கம்பெனிக் குறியும் அளவும் அச்சாகி இருக்கும். எடுத்ததும் போட்டோ எடுத்து, தராசில் நிறுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிசி ஜெல் ஏறக்குறைய ஒரு கிராம். உள்ளே நிஜமாகவே 275 இருந்ததா என்று அப்போது தெரியும். ஆபரேஷன் மேஜையில் சைஸர் என்ற தற்காலிக மாதிரி இம்ப்ளான்டை வைத்து, உங்களை உட்கார்த்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யும் வழக்கம் உண்டு. அதற்கு வசதியாக 250, 275, 300 என மூன்று ஜோடி கைவசம் இருக்க வேண்டும். ஒரே ஜோடிதான் ஆர்டர் செய்வோம் என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ கட்டாயம். இம்ப்ளான்டின் சொந்த மேலுறை கிழிந்து ஜெல் கசிந்திருக்கிறதா, இம்ப்ளான்டைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு மேற்பரப்பு இம்ப்ளான்ட்கள் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. அபூர்வமாக வரும் ஒருவகை லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயுடன் அவற்றுக்கிருந்த தொடர்பே காரணம். பல வருடம் கழித்துத் திடீரென்று நீர் கோத்து வீங்குவதுதான் அதன் பொதுவான முதல் அறிகுறி. உங்களுக்கு இருப்பது அதுவாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீர் இருந்தால் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், எடுக்கும் உறையைப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வைப்பது வழுவழுப்பான, உருண்டை வடிவமாக இருக்கட்டும். கண்ணீர்த்துளி வடிவம் உள்ளே திரும்பாமல் நிற்கச் சொரசொரப்பு வேண்டும். அந்த வம்பு உங்களுக்கு எதற்கு?

பத்து வருடம் ஆனாலே மாற்ற வேண்டுமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்படி விதி எதுவும் இல்லை. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதன்முதலாக சிலிகான் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட டிம்மி ஜீன் லிண்ட்சி, ஐம்பது வருடம் கழித்தும் அதே ஜோடியோடு இருந்தார். ஆனால் ஆயுள் முழுக்க வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜெல் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் பரிந்துரை.

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாதம் இம்ப்ளான்ட் மாற்றுகிறார்கள். அவள் சிறியதாக வைக்கலாம் என்கிறாள். எனக்கு 400 சிசி பிடித்திருக்கிறது. டாக்டரிடம் நான் தனியாகப் பேசலாமா?
- ஒரு கணவர், சேலம்

பதில்: பேசலாம், நான் அந்த டாக்டராக இருந்தால் உங்களை வெளியே உட்காரச் சொல்வேன். ஒவ்வொரு பக்கமும் 400 கிராமைத் தூக்கிக்கொண்டு படியேறப்போவது அவர்தான். சிறியதற்கு மாறினால் தொளதொளத்த தோலுக்கு லிஃப்ட் தேவைப்படலாம், அதைப் பற்றி அவர் டாக்டரிடம் கேட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். நீங்கள் செய்யக்கூடிய உதவி அது.

கேள்வி: புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்து, ரேடியேஷனும் கொடுத்து, இம்ப்ளான்ட் வைத்தார்கள். இப்போது அது இறுகி மேலே நிற்கிறது, வலது பக்கம் வயதுக்குத் தக்கபடி சரிந்திருக்கிறது. மாற்றும்போது எந்த அளவு கேட்க வேண்டும்?
- 54 வயது வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு அளவைச் சொல்லப்போவது வலது மார்பகம். முதலில் அதன் அகலத்தை அளப்பார்கள், அந்த அகலத்துக்கே இடது பக்கம் தேர்வாகும். ஆனால் எந்த இம்ப்ளான்டும் சொந்த மார்பகம் போலச் சரியாது. ஆகவே ப்ரா போட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் போதுமா, போடாதபோதும் ஒத்திருக்க வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டாவதுதான் வேண்டும் என்றால் வலது பக்கத்தைத் தூக்கித் தைக்க வேண்டும். அதைச் செய்த பிறகு வலதின் அளவு மாறும் என்பதால், இடதின் சைஸை அதற்கு முன்பே பூட்டிவிடக் கூடாது.

ரேடியேஷன் பட்ட இடத்தில் இறுக்கம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இன்னொரு இம்ப்ளான்டுக்குப் போகும் முன், வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து அமைப்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். பெரிய ஆபரேஷன்தான், ஆனால் சைஸ், ப்ரொஃபைல் என்ற தலைவலியே அதில் இல்லை. செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 2018-இலேயே இதற்கென்று இலவசப் பிரிவு தொடங்கினார்கள். போகும்போது ரேடியேஷன் கொடுத்த விவரத் தாளையும் பழைய இம்ப்ளான்ட் ஸ்டிக்கரையும் கையோடு எடுத்துப் போங்கள்.