உங்கள் ஆள் தொலையவில்லை, வேறு வீட்டில் இருக்கிறார்

2006-ல் கல்லூரி நாட்களில் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடினேன், இப்போது அதன் பழைய வடிவமான ஓல்டு ஸ்கூலில் நுழைந்தால், அன்று நான் வளர்த்த பழைய ஆளைக் காணோம், வெறுங்கையோடு நிற்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் வயிறு கலங்கியது.

விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் ஓல்டு ஸ்கூலைத் திறந்தபோது, 2007 ஆகஸ்ட் மாத விளையாட்டின் நகலை மட்டுமே எடுத்துக்கொண்டது. யாருடைய நிலைகளும் அதில் வரவில்லை, எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்துதான். அதே கணக்கில், விளையாட்டின் இன்றைய வடிவமான ரூன்ஸ்கேப் 3-க்குள் போய்ப் பாருங்கள். உங்கள் ஆள் அங்கே இருக்க வேண்டும். ஆனால் ஊரே மாறியிருக்கும், திகைக்காதீர்கள்.

அப்புறம், மனசு ஒட்டவில்லை என்றீர்களே. ஒரு திறமையின் உச்ச நிலையான 99-ஐத் துரத்தாதீர்கள். அதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-க்கு வந்தால்தான் பாதி தூரம்! அன்று விடுமுறை முழுக்க உட்கார்ந்தோம், இன்று முடியுமா? 2018-லிருந்து கைபேசியிலும் அதே கணக்கில் ஆடலாம். நான் விளையாட்டில் வரும் ட்ரேனார் ஊரின் வங்கிப் பக்கத்து வில்லோ மரங்களை வெட்டுகிறேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபதே நிமிடம். பை நிறைந்ததும் நாலு எட்டு வைத்தால் வங்கி. அந்தக் கோடாரிச் சத்தம் போதும்.

ஒரு எச்சரிக்கை: கவசத்துக்கு இலவசமாக அலங்காரக் கரை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒரு முறை கொடுத்தேன், இன்னும் காத்திருக்கிறேன்.