கிளினிக் கொப்பி யார் கையில்?

கேள்வி: கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அம்மா தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். சீனி வருத்தத்துக்கு கிளினிக்கில் மெட்ஃபோர்மின் கொடுக்கிறார்கள். பக்கத்து லயத்துப் பிள்ளை கிளினிக் கொப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பியது. இணையத்தில் தேடினேன். ஒரு தளம் அந்தக் குளிசை சிறுநீரகத்துக்கு ஆகாது என்கிறது, இன்னொன்று பயமில்லை என்கிறது. இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன். எதை நம்புவது?

பதில்: தம்பி, தளத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். கொப்பியைப் போட்டோ எடுத்தது பக்கத்து லயத்துப் பிள்ளை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. அந்தக் கொப்பியை நீங்கள் கடைசியாகக் கையில் எடுத்தது எப்போது? விடியக்காலையில் நம்பர் எடுத்து, கிளினிக் வாங்கில் அம்மா பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? பெற்றவளின் மருந்தைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. அதை அயல் வீட்டுப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது.

மெட்ஃபோர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது சிறுநீர் வழியாகத்தான் உடம்பை விட்டுப் போகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கிவிடும். அதனால்தான் டாக்டர் இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அளவைக் குறைப்பார். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற கணக்கு 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். அம்மாவின் கணக்கு எத்தனை? எந்தத் தளத்துக்கும் அது தெரியாது. கொப்பியோடு இருக்கிற ரிப்போர்ட்டில்தான் பார்க்க வேண்டும். அந்தத் தாள் போட்டோவில் வந்ததா?

தேடத்தான் வேண்டுமென்றால் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸைப் பாருங்கள். எப்போது திருத்தியது என்று பக்கத்தின் அடியிலேயே போட்டிருக்கும். மருந்து விற்கிற தளங்களை விடுங்கள். ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு பெயரும் மாறும்: நம் பரசிட்டமோல் அங்கே அசிட்டமினோஃபென்.

ஆனால் குளிசையை நிறுத்தச் சொன்னீர்களே, அது பெரிய பிழை. நீங்கள் காப்பாற்ற நினைத்த சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரிப்பது கூடின சீனிதான். அம்மா ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். படித்த மகன் சொன்னால் அவருக்கு டாக்டர் சொன்ன மாதிரி.

அடுத்த கிளினிக் தேதி வரை வைத்திருக்காதீர்கள். நாளைக்கே லீவு போட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறுங்கள். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை நாள் குளிசை போடவில்லை, யார் நிறுத்தச் சொன்னது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவரைத் தனியே அனுப்பினால், "மறந்துட்டேன் ஐயா" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வார்.